இது நீரிஸ்ங்கிற கடல்புழு தானா? யாராவது பார்த்துச் சொல்லுங்களேன்

வணக்கம் மக்களே. போன வாரம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்ல, ராத்திரி படகுத்துறை விளக்கடியில நெளிஞ்சு நீந்துன புழு ஒண்ணை ஹார்லிக்ஸ் பாட்டில்ல பிடிச்சு மதுரைக்குக் கொண்டாந்தேன். (பஸ்ல பக்கத்து சீட்டு அக்கா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க.)

நாலு கண்ணு, எல்லாமே பெருசு. முன்பாதியில பக்கக்கால்கள் சாதாரணமா இருக்கு. பின்பாதியில அதே கால்கள் துடுப்பு மாதிரி அகண்டு, முள்மயிரெல்லாம் விசிறி மாதிரி விரியுது. இனப்பெருக்கத்துக்காக உருமாறுன ஹெட்டிரோநீரிஸ்னு நினைக்கிறேன். சரியா?

சிக்கல் என்னன்னா, மெக்னீசியம் குளோரைடுல மயக்காம நேரா ஃபார்மலின்ல போட்டுத் தொலைச்சுட்டேன். வெளிய நீள வேண்டிய தொண்டை உள்ளயே நின்னுபோச்சு. ரெண்டு தாடையும் தெரியல, தொண்டையில இருக்கிற குட்டிப் பற்களும் தெரியல. அதைப் பாக்காம எந்த இனம்னு எப்படிச் சொல்ல? வயித்துப்பக்கம் கீறணுமா, முதுகுப்பக்கமா?

தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் யார்கிட்டயாவது டிசெக்‌ஷன் மைக்ராஸ்கோப் இருந்தா ஒரு மணி நேரம் குடுங்க, நானே பாட்டிலோட வந்துர்றேன்.