கவுல் என்பதற்குக் 'கழுத்துறை'

அன்புடையீர், வணக்கம்.

ஏலகிரியில் வேலை பார்க்கும் என் தம்பி, மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் தினமும் இருசக்கர வண்டியில் ஏறி இறங்குகிறவன். சென்ற மார்கழியில் அவனுடைய மஃப்ளரின் நுனி அவிழ்ந்து பின்சக்கரத்துப் பக்கம் போய்விட்டது என்று கேட்டதிலிருந்து, தொங்கும் நுனியே இல்லாத, கவுல் (cowl) எனப்படும் கழுத்துக் கம்பளிக் குழல் ஒன்றைப் பின்னித் தர வேண்டும் என்று இருக்கிறேன். வேலூரில் எங்கள் தெருப் பெண்கள் சிலரும் பின்னக் கேட்டதால், செய்முறையைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே பெயர் இல்லாமல் நின்றுவிட்டது.

கவுலைத் தமிழில் 'கழுத்துமுக்காடு' எனலாம் என்று முந்தைய மடலில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். கவுல் என்ற ஆங்கிலச் சொல், துறவியர் தலையை மூடும் துணியைக் குறித்த 'குக்குல்லஸ்' என்னும் இலத்தீன் சொல்வழி வந்தது என்பதால் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் நாம் பெயர் வைப்பது இன்றைய பொருளுக்கு. இது தலைவழியே மாட்டிக் கழுத்தில் தங்கும் கம்பளிக் குழல். முக்காடு என்றதும் தலைதான் நினைவுக்கு வருகிறது.

துணியை வளையமாக்கும் பழக்கம் நமக்குப் புதியதன்று என்பதால் 'சும்மாடு' என்ற சொல்லை நெடுநேரம் மனத்தில் வைத்துப் பார்த்தேன். அழகான சொல்தான்; இருந்தும் அதில் சுமையின் நினைவு அழுத்தமாக இருப்பதால், குளிருக்கு இதமாக அணிவதன்மேல் அதை ஏற்ற மனம் வரவில்லை. 'கழுத்தணி' நகைக்கும், 'கழுத்துப்பட்டை' சட்டைக் காலருக்கும் முன்பே போய்விட்டன.

ஆகவே கையுறை, காலுறை வரிசையில் 'கழுத்துறை' என்பதை முன்மொழிகிறேன். கழுத்து, உறை இரண்டும் புணரும்போது 'துறை' என்று காதில் விழுகிறது என்பதும், இலங்கையில் களுத்துறை என்று ஓர் ஊர் இருக்கிறது என்பதும் நியாயமான தடைகள். எங்கள் வடார்க்காட்டுப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் யகரமாகி 'கயுத்து' என்றே வருவதால் ஊர்ப்பெயர்க் குழப்பம் இங்கே எழாது. எழுத்திலோ ழகரமே காப்பாற்றிவிடும். துறை என்ற மயக்கம், 'கம்பளிக் கழுத்துறை' என்று முதல் முறை எழுதினாலே தீர்ந்துவிடும். பின்ன வந்த ஓர் அம்மாவிடம் சொல்லைமட்டும் சொன்னேன், "கைக்குப் போடற மாதிரி கயுத்துக்கா?" என்று உடனே கேட்டார். எனக்கு அதைவிட வலுவான சான்று வேண்டியிருக்கவில்லை.

இரண்டு சுற்றாகப் போடும் நீளமான வகை, கழுத்தை ஒட்டி உறைபோல் நிற்காமல் மார்பில் தளர்ந்து விழுவதால், அதை 'இரட்டைச்சுற்றுக் கழுத்துறை' எனப் பிரித்துச் சொல்லலாம். வண்டி ஓட்டுபவனுக்கு அது உதவாது. அவனுக்காக நான் தேர்ந்தது, இரண்டு நிட் (நேர்க்கண்ணி), இரண்டு பர்ல் (மறுபுறக் கண்ணி) என மாறி மாறி வரும் வரிப் பின்னல். நன்றாக நீண்டு கொடுப்பதால் தலைவழியே எளிதாக இறங்கி, பிறகு சுருங்கிக் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க, செய்முறையின் தொடக்கத்தைக் கீழே தருகிறேன். தடை இருப்பவர்கள் அருள்கூர்ந்து எழுதுங்கள்.

"கழுத்துறைக்கு 5 மி.மீ. தடிமனும் 40 செ.மீ. நீளமும் உள்ள வட்ட ஊசியில் 100 கண்ணிகள் ஏற்றவும். ஏற்றிய வரிசை எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதை விரலால் தடவிப் பார்த்த பின்னரே வட்டமாக இணைக்கவும்."