8 சதவீத டபுள் ஐ.பி.ஏ.: இவ்வளவு கசப்பு இயல்புதானா?

அஸ்தம்பட்டிவாசி:
கலிஃபோர்னியாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர் 473 மில்லி பீர் கேன்கள் சில கொண்டுவந்தார். டபுள் ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல் என்ற கசப்பு பீரின் கூடுதல் வீரியமுள்ள வகை), 8 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. டாஸ்மாக்கில் கிடைக்கும் ஸ்ட்ராங் பீரிலும் ஏறத்தாழ இதே அளவு ஆல்கஹால்தான். ஆனால் இதன் கசப்பு முதல் மடக்கிலேயே அடிநாக்கைப் பிடித்துக்கொண்டு, விழுங்கிய பின்னும் நெடுநேரம் விடவில்லை. ஃபிரீசரில் நன்றாகக் குளிரவைத்து, கேனிலிருந்தே குடித்தேன். மைத்துனருக்கு வந்த மாம்பழ வாசனை எனக்கு வரவேயில்லை. பழச்சாறு கலந்திருப்பார்களா? மீதமுள்ளவற்றை ஏற்காட்டில் நண்பரின் தோட்டத்து வீட்டில் திறப்பதாக இருக்கிறோம். முறையாகச் சுவைப்பது எப்படி?

நுரைப்பிரியன்:
கேனில் தனியாகக் குறிப்பிட்டிருந்தாலொழிய, பழம் எதுவும் இராது. கசப்பு, வாசனை இரண்டுமே ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களிலிருந்து வருபவை. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றுடன் அவற்றைக் கொதிக்கவிடும்போது பூக்களிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தருகின்றன. ஆனால் கொதி நீள நீள வாசனை எண்ணெய்கள் ஆவியோடு போய்விடுவதால், இன்னொரு பங்கு ஹாப்ஸை நொதிக்கும் கட்டத்திலோ அது முடிந்த பின்னரோ சூடுபடுத்தாமல் ஊறவைக்கிறார்கள். இதுவே டிரை ஹாப்பிங். ஆல்கஹால் மால்ட்டின் சர்க்கரையிலிருந்து வருவதால் அந்தக் கணக்கே வேறு. நம் ஸ்ட்ராங் பீரில் ஹாப்ஸ் சொற்பம்.

மைத்துனரின் மூக்கு பொய் சொல்லவில்லை. ஹாப்ஸ் எண்ணெயில் மிகுதியாக உள்ள மிர்சீன் என்ற வாசனைப் பொருள் மாம்பழத்திலும் உண்டு. கேரியோஃபிலீன் என்ற மற்றொன்று மிளகில் இருப்பது. ஏற்காட்டில் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்திருக்கும் மிளகுக் கொடியிலிருந்து ஒரு பச்சைமணியைக் கிள்ளி நசுக்கி முகர்ந்துவிட்டு, அதன்பின் பீரை முகர்ந்து பாருங்கள்.

ஏற்காடு எட்வின்:
ஃபிரீசர்தான் கெடுத்திருக்கிறது. கடுங்குளிரில் வாசனை மேலெழாது; கசப்பு மட்டுமே துருத்திக்கொண்டு நிற்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் வெளியே வைத்து, ஏறத்தாழ 10 டிகிரிக்கு வந்ததும், சோப்பு வாடையில்லாத கண்ணாடித் தம்ளரில் இரண்டு விரற்கடை நுரை எழும்படி ஊற்றுங்கள். முழுத் தம்ளராக நிரப்பினால் மூக்குக்கு இடமிருக்காது. முதலில் முகருங்கள், பிறகு சிறு மடக்காக வாயில் சற்று நிறுத்தி விழுங்குங்கள். பம்பளிமாஸ் தோலும் பைன் பிசினும் முதலில் தெரியும், மால்ட்டின் இனிப்பு பின்னால் வரும்.

செவ்வாய்ப்பேட்டை நாக்கு:
தொட்டுக்கொள்ளக் கார மட்டன் வறுவல் வேண்டாம். இந்தக் கசப்பும் ஆல்கஹாலும் மிளகாய் எரிச்சலைக் கூட்டிவிடும். காரச்சட்னியைக் குறைத்துப் போட்ட தட்டுவடை செட் போதும்.

ஏற்காடு எட்வின்:
சட்னி குறைந்த தட்டுவடை செட்டைச் சேலத்துக்காரரே பரிந்துரைப்பது வியப்புதான்! என் வாக்கு உப்புக்கடலைக்கு. ஒரு கேனில் ஏறத்தாழ 30 கிராம் ஆல்கஹால், அதாவது 5 சதவீத 330 மில்லி பாட்டில்கள் இரண்டுக்கும் மேல். 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்குவதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டிவாசி:
நன்றி. கேனின் அடியில் இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி இருக்கிறது. வாசனை போயிருக்குமா?

நுரைப்பிரியன்:
ஃபிரிட்ஜிலேயே இருந்திருந்தால் பெரிய இழப்பில்லை. மலைக்குக் கொண்டுபோகும்போது ஐஸ் பெட்டியில் வையுங்கள். சேலத்து வெயிலில் கார் டிக்கியில் கிடந்தால் அந்த மாம்பழ வாசனைதான் முதலில் மங்கும்.