ராத்திரி 11 மணிக்கும் ஃபேன் அனலை இறக்குது, தளத்துக்கு என்ன செய்யலாம்?

பாளையங்கோட்டைவாசி:
ஒரு மாடி வீடு. 5 அங்குல கான்கிரீட் தளம், மேலே ஓடு எதுவும் பதிக்கலை. சித்திரை பிறந்தா மாடி ரூம்ல பகலைவிட ராத்திரிதான் கொடுமை. அம்மா கீழே கூடத்துல பாய் விரிச்சிடுறாங்க. மாடியில தகரக் கொட்டகை போடச் சொல்றார் மச்சான். போடலாமா?

பழைய மேஸ்திரி:
பகல் முழுக்கக் குடிச்ச வெயிலைக் கான்கிரீட் ராத்திரிதான் கக்கும் தம்பி. முதல்ல தளத்தைக் கழுவி, சுண்ணாம்புல பசை கலந்து ரெண்டு கை அடிங்க. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிடும். மழையில கரையும், வருஷா வருஷம் அடிக்கணும். நிரந்தரமா வேணும்னா செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு மேலே தட்டை ஓடு பதிக்கணும். அந்தக் காலத்துல கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்ச தண்ணிதான் கலப்போம். இப்போ கேட்டா சிரிக்கிறானுக. வாட்டம், அதாவது தண்ணி வடியிற சரிவு, முக்கியம்: 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது.

தேங்காய்ப்பட்டணம்:
தகரம் தப்பில்லை, நாலு பக்கமும் அடைச்சா அடுப்புதான். நாங்க அடைச்சு மாட்டினோம். ரெண்டு பக்கம் திறந்து, உச்சியில இடைவெளி விட்ட பிறகுதான் சூடான காத்து மேலே ஏறி வெளியே போச்சு.

பாளையங்கோட்டைவாசி:
சரிண்ணே, ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பு. மச்சான்கிட்ட நீங்களே சொல்லிடுங்க.