பருவமழைக்கு முன்: ஊர் திரும்பிய குடும்பங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நாம் செய்யவேண்டியவை

அன்புள்ள ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை நமது ஊர்ச் சங்கத்தின் கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா கிளைகளின் பொறுப்பாளர்கள் தொலைபேசியில் கூடிப் பேசினோம். அதற்கு முன்னும் பின்னும் ஊரிலுள்ள பாடசாலை அதிபர், விதானையார் (கிராம அலுவலர்), குடும்பநல உத்தியோகத்தர் (தாய் சேய் நலம் பார்ப்பவர்) ஆகியோரிடம் நிலைமையைக் கேட்டறிந்தோம். இவற்றைத் தொகுத்து, 2010 ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் நாம் செய்யவேண்டியவற்றைச் செயற்குழுவின் சார்பில் உங்கள் முன் வைக்கிறேன். மடல் நீளமானது, பொறுமையுடன் முழுவதையும் வாசித்துவிட்டுக் கருத்தைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

போரில் இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பும் ஒரு குடும்பத்துக்கு இன்று என்னென்ன கிடைக்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையம் கொட்டகை அமைப்பதற்காகக் குடும்பமொன்றுக்கு 25,000 ரூபா வழங்குகிறது; அதில் 5,000 ரூபா உடனேயும் மிகுதி 20,000 ரூபா பின்னர் வங்கி வழியாகவும் வருகின்றன. உலக உணவுத் திட்டத்தின் அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி ஆகியவை பங்கீட்டு அட்டைக்கு ஆறு மாதங்களுக்குக் கிடைக்கின்றன. கூரைத்தகடுகளும் தறப்பாள்களும் வேறு நிறுவனங்கள் ஊடாக வந்துகொண்டிருக்கின்றன. கடந்த ஜூன் மாதம் இந்திய அரசு 50,000 வீடுகளுக்கான திட்டத்தை அறிவித்திருக்கிறது. ஆகவே கல்வீடு கட்டிக் கொடுக்கவேண்டும் என்று சில கிளைகள் கொண்டுள்ள விருப்பத்தை இப்போதைக்கு ஒத்திவைக்குமாறு வேண்டுகிறேன். காணி உறுதிகள் தொலைந்தும் எரிந்தும் போயிருக்கும் வேளையில் அவசரப்பட்டு அத்திவாரம் போட்டால், உறவினர்களுக்கிடையே எல்லை வழக்குகள் எழவும் இடமுண்டு.

உண்மையான இடைவெளி வேறிடத்தில் இருக்கிறது. சித்திரை மாதத்தில் ஊர் திரும்பிய குடும்பங்களுக்கு ஆறு மாதப் பங்கீடு ஐப்பசியில் முடிகிறது. அதே மாதத்தில்தான் மழை தொடங்குகிறது, பெரும்போக (மாரிகால நெல்) விதைப்பும் தொடங்குகிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எட்டும் வயல்களில் இம்முறை விதைத்தாலும் நெல் வீட்டுக்கு வரத் தை பிறந்து மாசியும் ஆகும். கூலி வேலையும் மழைக்காலத்தில் குறைந்துவிடும். இந்த நான்கு மாதங்களில் அடுப்பு எரியாத வீடுகளில் முதலில் மெலிவது ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்தான். 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது நம்மவர்கள் தர்மபுரம், விசுவமடுப் பக்கங்களில் தறப்பாளுக்குள் வெள்ளத்தோடு கிடந்தார்கள். அந்த ஆண்டு குழந்தைகளுக்கு வந்த வயிற்றோட்டத்தையும் காய்ச்சலையும் தாய்மார் இன்னும் சொல்லி அழுகிறார்கள். இந்த மழை அவர்களைச் சொந்தக் காணியில் சந்திக்கப்போகிறது என்பது ஆறுதலாக இருக்கலாம். ஆனால் கூரை அதே தறப்பாள்தான்.

இனி, நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விடயத்துக்கு வருகிறேன். நாம் ஒவ்வொருவரும் நமது சகோதரர்களுக்கும் மாமன் மச்சான்மாருக்கும் தனித்தனியாகப் பணம் அனுப்பி வருகிறோம். அது நம் கடமை. அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆயினும் ஊரில் வெளிநாட்டுத் தொடர்பே இல்லாத குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வாய்க்காலுக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் நம் ஊரின் வயல்களில் தலைமுறையாக உழைத்தவை. நம்மோடு சேர்ந்து இடம்பெயர்ந்து, நம்மோடு சேர்ந்து முள்ளிவாய்க்கால்வரை நடந்தவை. அவர்களுக்கு டொரொன்டோவிலோ லண்டனிலோ யாரும் இல்லை. கணவனை இழந்தோ கணவன் தடுப்புக்காவலில் இருக்கவோ தனியே பிள்ளைகளை வளர்க்கும் பெண்களில் பலரும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். சங்கத்தின் பொதுப்பணம் முதலில் இந்த வீடுகளுக்குப் போகவேண்டும் என்பதே செயற்குழுவின் முடிவு. சந்தா கொடுத்தவரின் உறவினருக்கு முன்னுரிமை என்ற பேச்சு ஒரு கிளையில் எழுந்ததாக அறிகிறேன். அதை நாம் ஏற்கவில்லை.

இதைச் செய்வதற்கு நமக்கு வேண்டியது ஒரே ஒரு பதிவேடு. இப்போது கனடாக் கிளையிடம் ஒரு பட்டியல், பாரிஸ் கிளையிடம் ஒரு பட்டியல், பழைய மாணவர் சங்கத்திடம் இன்னொன்று இருக்கின்றன. மூன்றிலும் ஒரே குடும்பம் வருகிறது. மூன்றிலும் வராத குடும்பமும் இருக்கிறது. பாடசாலை அதிபர் சொன்ன ஒரு வீட்டை உதாரணமாகக் குறிப்பிடுகிறேன். ஓர் அம்மம்மா மூன்று பேரப்பிள்ளைகளுடன் திரும்பியிருக்கிறார். முகாமில் அவர் ஒரு வலயத்திலும் பிள்ளைகள் தூரத்து உறவினரோடு இன்னொரு வலயத்திலும் பதியப்பட்டிருந்ததால், அவருடைய அட்டையில் அவர் பெயர் மட்டுமே இருக்கிறது. நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒருவருக்குரிய பங்கீடு வருகிறது. மூத்த பேத்தி ஒன்பதாம் வகுப்புக்குப் போகவேண்டியவள். இப்போது தம்பிமாரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நிற்கிறாள். அந்த வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து அரிசிப் பணம் அனுப்புவதைவிட, விதானையாரிடமும் பிரதேச செயலகத்திலும் அட்டையைத் திருத்துவதற்கு ஒருவர் கூடப் போய் நிற்பதே பெரிய உதவி. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால்தான் அட்டை திருத்தப்படாமல் இருக்கிறது; அதற்கு நடமாடும் சேவை எப்போது வருகிறது என்பதைக் கேட்டு, அன்றைக்கு அவரை அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். இப்படியான வேலைக்காகப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக ஊரிலேயே ஒரு இளம்பெண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுத்து அமர்த்தலாம் என்று அதிபர் சொன்னதைச் செயற்குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது. பதிவேட்டை எழுதுபவரும் அவரே.

பதிவேட்டில் என்ன எழுதுவது என்பதைவிட என்ன எழுதக்கூடாது என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்ததாகச் சொல்லிப் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்ட 594 சிறுவர்களும் கடந்த மே மாதத்துக்குள் விடுவிக்கப்பட்டுவிட்டார்கள். அவர்களில் நம் பிரதேசத்துப் பிள்ளைகளும் இருக்கலாம். அந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய எந்தக் குறிப்பும் நமது ஏட்டில் இருக்கக்கூடாது. தந்தை எப்படி இறந்தார், அண்ணன் எங்கே இருந்தான் என்ற கேள்விகள் கேட்கப்படக்கூடாது. வயது, வகுப்பு, யாரோடு வசிக்கிறது, நோய் அல்லது காயம் உண்டா, சான்றிதழ்கள் உள்ளனவா, வெளிநாட்டிலிருந்து உதவி வருகிறதா என்பவை போதும். ஏடு அதிபரின் அலுமாரியில் இருக்கும், இணையத்தில் ஏற்றப்படமாட்டாது. பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைச் சில கிளைகள் நிதி சேர்க்கும் துண்டுப்பிரசுரங்களில் போட்டிருக்கின்றன. நோக்கம் நல்லதென்று அறிவேன். ஆனால் ஊரில் நாளைக்கும் வாழவேண்டிய பிள்ளை அது. அவற்றைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.

பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளைப் பற்றி லண்டன் கிளை ஒரு யோசனையை முன்வைத்தது. வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள சிறுவர் இல்லமொன்றில் நம் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து, அவர்களின் முழுச் செலவையும் நாம் ஏற்பது என்பதே அந்த யோசனை. அதில் உள்ள பரிவை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. அப்பம்மாவோ சித்தியோ பெரியம்மாவோ இருக்கும்போது, சோறில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை இல்லத்தில் விடுவது இன்னொரு பிரிவு. ஓர் இல்லத்தில் ஒரு பிள்ளைக்குச் செலவாகும் பணத்தை மாதாமாதம் அந்த அப்பம்மாவின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால், பிள்ளை தன் ஊர்ப் பாடசாலைக்குப் போகும், தன் தம்பி தங்கையோடு வளரும். யாருமே இல்லாத பிள்ளையென்றால், அதைத் தீர்மானிக்கவேண்டியவர் சிறுவர் பராமரிப்புக்குப் பொறுப்பான அரச நன்னடத்தை உத்தியோகத்தர், நாமல்ல. இன்னும் தகவல் தெரியாத பிள்ளைகளைத் தேடும் பெற்றோர், வவுனியாவில் நன்னடத்தைத் திணைக்களம் யுனிசெப்பின் துணையோடு நடத்தும் குடும்பத் தேடல் பிரிவில் பதிந்துகொள்ளலாம். பதியாதவர்கள் இருந்தால் அவர்களுக்குப் பேருந்துச் செலவையும் ஒரு நாள் கூலியையும் நாம் கொடுக்கவேண்டும். அந்தப் பதிவுக்காக ஒரு தாய் ஒரு நாள் வேலையை இழப்பது, நாம் இங்கிருந்து நினைப்பதைப்போல் சிறிய விடயமல்ல.

மிதிவெடி பற்றி ஒரு சொல். வீடுகளும் வீதிகளும் துப்புரவாக்கப்பட்ட பின்னரே குடியேற்றம் நடந்திருக்கிறது. ஆனால் காடு கரைகள், வயல் வரம்புகள், கைவிடப்பட்ட பதுங்குகுழிகள் எல்லாம் பார்த்து முடிந்தவை என்று யாரும் சொல்லமுடியாது. பழைய இரும்பு வாங்கும் வண்டிகள் ஊருக்குள் வரத் தொடங்கியிருக்கின்றன. கிலோ கணக்கில் காசு கிடைப்பதால் பாடசாலைக்குப் போகாத பையன்கள் செல் கோதுகளையும் தகடுகளையும் பொறுக்கப் போகிறார்கள். இதைத் தடுப்பதற்குப் பயமுறுத்தல் மட்டும் போதாது. அந்தப் பையன் கொண்டுவரும் காசு இல்லாமல் அந்த வீடு நடக்கவேண்டும். அதனால்தான் நான்கு மாத உணவு உதவியையும் பாடசாலை வரவையும் ஒரே வேலையாகப் பார்க்கிறோம். கிணறுகள் விடயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். கிணறு இறைப்பதற்குக் காசு அனுப்பும் உறவுகள், உள்ளே என்ன கிடக்கிறதென்று கண்ணிவெடி அகற்றும் பிரிவினர் பார்த்துச் சொல்லும்வரை யாரையும் இறங்கவிடவேண்டாம் என்று வீட்டாரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, அவசரகால நிவாரணத்துக்கு உலகளவில் வகுக்கப்பட்ட அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர். ஒரு திறந்த கிணற்றுக்கு 400 பேர். ஒரு மலசலகூடத்துக்கு 20 பேர். நம் ஊரில் கிணறுகளின் எண்ணிக்கை குறைவல்ல. வெள்ளம் வந்தால் மலசலகூடக் குழியும் கிணறும் ஒன்றாகிவிடும் என்பதே அச்சம். கிணற்றுக் கட்டை உயர்த்துவதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு குளோரின் இடுவிப்பதும் மழைக்கு முன் முடியவேண்டிய வேலைகள்.

குடும்பநல உத்தியோகத்தர் நம்மிடம் கேட்டது ஒரு துவிச்சக்கர வண்டி. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளின் மேல்கைச் சுற்றளவை நிறநாடாவால் அளக்கிறார், 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்குமேல் பச்சை. சிவப்பில் வரும் பிள்ளையை உடனே வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். வாய்க்காலுக்கு அப்பாலுள்ள வீடுகளுக்கு நடந்துபோய் வருவதற்கே பொழுது போய்விடுவதால், அங்குள்ள பிள்ளைகளை மாதத்துக்கு ஒருமுறைகூட அளக்க முடிவதில்லை. அவர் கேட்டதை இந்த வாரமே வாங்கிக் கொடுக்கிறோம்.

பிரான்ஸ் கிளை உடுப்பும் பால்மாவும் கொண்ட கொள்கலன் ஒன்றை அனுப்ப முன்வந்திருக்கிறது. அவர்களின் உழைப்பை அறிவேன். எனினும் வேண்டாம் என்றே சொல்லவேண்டியிருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கொழும்புத் துறைமுகத்தில் உதவிப் பொருட்கள் தேங்கிக் கிடந்ததையும், ஊருக்கு வந்த உடுப்புகளில் பலவற்றை யாரும் உடுக்கமுடியாமல் போனதையும் நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பால்மா அதைவிட ஆபத்தானது. கொதிக்கவைக்க விறகில்லாத, கிணற்றுத் தண்ணீர் சுத்தமில்லாத இடத்தில் போத்தல் பால் கைக்குழந்தையின் உயிரையே எடுக்கும். தாய்ப்பால் கொடுக்கும் தாய்க்குச் சத்துணவு கொடுப்பதே வழி. கொள்கலனுக்கு ஆகும் கூலியை உணவு உதவிக்குத் தந்தால், அரிசியையும் பயறையும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையில் நாம் கொடுக்கும் சீட்டைக் காட்டி வாங்க ஏற்பாடு செய்யலாம். கடையும் நிமிரும்.

பாடசாலைக்கு உடனடியாக வேண்டியவை கொப்பிகளும் லாம்புகளும் மட்டுமல்ல, மாலை வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களும்தான். டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய பிள்ளைகள் 2008 இறுதியிலிருந்து ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பை இழந்தவர்கள். வெளியிடங்களிலிருந்து பேருந்தில் வந்துபோகும் ஆசிரியர்கள் மாலையில் நிற்பதற்குத் தங்குமிடம் இல்லை. பாடசாலை வளவில் ஒரு தற்காலிக அறையும் மண்ணெண்ணெய்ச் செலவும் இருந்தால் கணிதமும் விஞ்ஞானமும் டிசம்பர் வரை நடத்தலாம் என்கிறார் அதிபர். இதை நோர்வேக் கிளை முழுமையாக ஏற்றுக்கொண்டுள்ளது, நன்றி.

வடக்கில் வெளி அமைப்புகள் பணிசெய்ய வடக்கின் மீள்குடியேற்றத்துக்கும் அபிவிருத்திக்கும் பொறுப்பான ஜனாதிபதி செயலணியின் அனுமதி வேண்டும் என்பதால், சங்கம் தன் பெயரில் எதையும் நடத்தாது. பணம் முழுவதும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகிய பதிவுபெற்ற அமைப்புகளின் வங்கிக் கணக்குகளுக்கே போகும், வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் பணம் மாற்றும் உண்டியலில் அனுப்பவேண்டாம். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நடக்கும் ஒருங்கிணைப்புக் கூட்டங்களில் எந்த நிறுவனம் நம் ஊருக்கு எதைக் கொடுக்கிறது என்பதை விதானையார் மாதந்தோறும் நமக்குத் தெரிவிப்பார். அதைப் பார்த்த பின்பே அடுத்த மாதச் செலவை முடிவுசெய்வோம்.

ஒவ்வொரு கிளையும் தன்னிடமுள்ள பெயர்ப்பட்டியலை இம்மாதம் 25ஆம் திகதிக்குள் செயலாளருக்கு மட்டும் அனுப்பிவைக்கவும். நான்கு மாத உதவிக்கு ஒவ்வொருவரும் மாதாந்தம் எவ்வளவு தரமுடியும் என்பதையும் அத்துடன் எழுதுங்கள். ஒரே தடவையில் தரும் பெருந்தொகையைவிட, தை மாதம்வரை தவறாமல் வரும் சிறுதொகையே எங்களுக்குத் திட்டமிட உதவும். ஊரில் யாரோடும் தொடர்பு இல்லாமல் போன குடும்பம் ஏதும் உங்கள் நினைவில் இருந்தால், அதன் பழைய வீட்டு அடையாளத்தையாவது குறித்து அனுப்புங்கள்.

அன்புடன்,
செயலாளர், செயற்குழுவின் சார்பில்