கையெழுத்து போடாமல் விட்ட இரண்டு நாள்

என் தம்பி ஒரு வரப்புத் தகராறு அடிதடி வழக்கில் உள்ளே போய், போன வருடம் நிபந்தனை ஜாமீனில் வந்தான். திருச்சியிலேயே தங்க வேண்டும், தினமும் காலை 10.30 மணிக்கு அங்கே ஸ்டேஷனில் கையெழுத்து போட வேண்டும், மறு உத்தரவு வரும்வரை ஊர்ப்பக்கம் வரக்கூடாது. நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் நின்றோம்.

பதினெட்டு நாள் ஒழுங்காகப் போனான். பத்தொன்பதாம் நாள் விடிகாலையில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. தகவல் தெரிந்ததும் அவன் ஸ்டேஷனுக்குப் போன் செய்திருக்கிறான், எடுத்த ஏட்டு, "சரி பார்த்துட்டு வாப்பா, லொகேஷன் மட்டும் அனுப்பிவை" என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பி ஊருக்கு வந்து, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தபடியே இரண்டு நாளும் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அனுப்பினான். பத்து நாள் கழித்து ஜாமீனை ரத்து செய்யக் கேட்டுப் போலீஸ் போட்ட மனு வந்தது. கையெழுத்து போடவில்லை என்பது ஒரு காரணம், தடை செய்த ஊருக்குள் வந்தான் என்பது இன்னொன்று. அந்த இரண்டாவதற்கு ஆதாரம் அவன் அனுப்பிய லொகேஷனேதான்! போனில் பேசிய ஏட்டு அப்படி எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

வக்கீல் விளக்கிய பிறகுதான் எங்களுக்கு முழுசாகப் புரிந்தது. நிபந்தனையை மீறினால் ஜாமீனை ரத்து செய்து மறுபடி உள்ளே அனுப்ப கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. வாய்தாவுக்கு வராமல் தலைமறைவாகிவிட்டால் அது தனிக் குற்றம், பி.என்.எஸ். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 269-ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் நின்றவர்களிடம் பத்திரத் தொகையை வசூலிப்பார்கள், கட்டாமல் போய் வசூலிக்கவும் வழியில்லை என்றால் ஆறு மாதம் வரை சிவில் சிறை கூட உண்டாம். ஜாமீன் பத்திரத்தில் நாங்கள் கையெழுத்து போட்டபோது இதை எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். ஜாமீனில் இருப்பவரின் நடமாட்டத்தைப் போலீஸ் கூகுள் மேப் வழியாக ஓயாமல் கவனிக்கிற மாதிரி நிபந்தனையே விதிக்கக் கூடாது, அது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. கோர்ட்டே கேட்கக் கூடாத ஒன்றை இவன் தானாகவே கொடுத்திருக்கிறான்.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், போன் செய்த நேரம் எல்லாவற்றையும் வைத்துப் பதில் மனு போட்டோம். நீதிபதி அம்மா படித்துப் பார்த்துவிட்டு ஜாமீனை ரத்து செய்யவில்லை. ஆனால் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு நாங்கள் போட்டிருந்த மனு தள்ளுபடி ஆனது, இன்னும் நான்கு வாரம் திருச்சியிலேயே கிடந்தான். அம்மா வீட்டுக்கு வந்த அன்று அவன் பக்கத்தில் இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது கையெழுத்து போட்டுக்கொண்டிருந்தால், அவசரம் என்றால் முதலில் வக்கீலைக் கூப்பிடுங்கள், கோர்ட்டில் மனு போட்டு அனுமதி வாங்கச் சொல்லுங்கள். அதற்கு நேரமே இல்லை என்றால் அன்றைக்கே ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள். எங்கள் வழக்கு இன்னும் நடக்கிறது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானே அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.