எந்தப் போட்டி பெரியது? உங்களுக்கு அது உறைத்த நாளைச் சொல்லுங்கள்

ஐந்தாம்_ஆள் (கோயம்புத்தூர்)

போன வாரம் சித்தப்பா பையனோடு வந்த சண்டைதான் இந்தக் கேள்விக்குக் காரணம். அவனுக்கு டோட்டா (ஐந்து பேர் கொண்ட இரண்டு டீம் மோதும் கணினி விளையாட்டு) ஆடத் தெரியாது, ஆனால் கணக்குத் தெரியும். "2023ல ரியாத் மாஸ்டர்ஸுக்குப் பரிசு 1.5 கோடி டாலர். அதே வருஷம் உன்னோட தி இன்டர்நேஷனலுக்கு 30 லட்சம் சொச்சம். எது பெரிய கப்புன்னு நீயே சொல்லுண்ணா" என்றான். ரியாத் மாஸ்டர்ஸும் டோட்டா போட்டிதான். தி இன்டர்நேஷனல், சுருக்கமாக டிஐ, டோட்டாவின் உலகக் கோப்பை மாதிரி.

வேடிக்கை என்னவென்றால் இரண்டையும் ஜெயித்தது ஒரே டீம்தான், டீம் ஸ்பிரிட். ஜூலையில் ரியாத், அக்டோபரில் சியாட்டில். ஆனால் இன்றைக்கும் அவர்களை "இரண்டு முறை டிஐ ஜெயித்தவர்கள்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். ரியாத் பணம் வீட்டுக்குப் போய்விட்டது, பேச்சில் நிற்கவில்லை.

இன்னொரு கதையும் அந்த வருடம் நடந்தது. கேமின் கிளாடியேட்டர்ஸ் என்ற டீம் லிமா, பெர்லின், பாலி என்று டிஐக்கு முன் நடந்த அந்த சீசனின் மூன்று பெரிய போட்டிகளையும் (மேஜர் என்பார்கள்) வாரிக்கொண்டு போனார்கள். கடைசியில் டிஐ இறுதி ஆட்டத்தில் ஸ்பிரிட்டிடம் 3-0 தோல்வி. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்தேன். மூன்று கோப்பை கையில் இருக்கிற டீம், ஒன்றுமே இல்லாத டீம் மாதிரி எழுந்து போனது.

இதையெல்லாம் சொன்னேன். "அது உங்க கூட்டத்தோட பக்தி, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்கிறான். பக்தியா, வேறு ஏதாவதா? நேரில் போனவர்கள் முதலில் சொல்லுங்கள்.

காலாங்_கரை (சிங்கப்பூர்)

2022 டிஐ எங்கள் ஊரில்தான் நடந்தது. கடைசி இரண்டு நாளும் இன்டோர் ஸ்டேடியத்தில். அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியும் உங்கள் தம்பியின் கேள்விதான்: "எவ்வளவு குடுக்கறாங்க?" மொத்தம் 1.89 கோடி அமெரிக்க டாலர், அதில் ஜெயிக்கிறவர்களுக்கு 85 லட்சத்துக்குப் பக்கம் என்றேன். அதற்கப்புறம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆனால் அரங்கத்தில் யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. பேச்செல்லாம் டீம் சீக்ரெட்டைப் பற்றித்தான். அந்த வருடம் 20 டீம். சீசன் புள்ளிகளில் 12, மண்டலத் தகுதிச்சுற்றில் 6. மிச்சம் இருந்த 2 இடத்துக்குக் கடைசி வாய்ப்பு என்று தனியாக ஒரு சுற்றை இங்கேயே வைத்தார்கள். அதில் தட்டுத்தடுமாறி உள்ளே வந்தவர்கள் சீக்ரெட்டும் லிக்விடும். அவர்கள்தான் கடைசியில் இரண்டாவதும் மூன்றாவதும்! சீக்ரெட் கேப்டன் பப்பி 2011இல் நடந்த முதல் டிஐயை ஜெயித்தவர், அதிலிருந்து ஒரு வருடம்கூட விடாமல் ஆடிக்கொண்டிருந்தார். 2013க்குப் பிறகு, ஒன்பது வருடம் கழித்து மறுபடி இறுதி ஆட்டம். எதிரே ஆடிய டுன்ட்ரா டீம் 3-0 என்று முடித்துவிட்டது. அரங்கத்தில் பாதிப் பேருக்கு முகமே இல்லை.

டுன்ட்ரா அந்த சீசனில் ஒரு மேஜர்கூட ஜெயிக்கவில்லை என்பதையும் உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். 2022இல் நல்ல டீம் எது என்று கேட்டால் டுன்ட்ரா என்றுதான் பதில் வருகிறது. அந்த ஒரு கப் மற்ற எல்லாவற்றையும் அழித்து எழுதிவிடுகிறது. நியாயமா என்றால், இல்லை என்றே சொல்வேன்.

அப்புறம் பணக் கணக்கில் ஒரு விஷயம். அந்தப் பெரிய தொகைகள் டோட்டாவின் சொந்தக்காரரான வால்வ் நிறுவனம் தன் பையிலிருந்து போட்டதில்லை. நாம் பேட்டில் பாஸ் (கேமுக்குள் விற்ற சீசன் பாஸ்) வாங்கிய காசில் 25 சதவீதம் பரிசில் சேர்ந்தது. அப்படித்தான் 2021 புக்கரெஸ்டில் 4 கோடி டாலரைத் தொட்டது. 2023இல் அந்தப் பாஸை நிறுத்தினார்கள், தொகை விழுந்தது. தொகைதான் விழுந்தது, கப் விழவில்லை. அந்த வகையில் 2023 நல்லதுதான் செய்தது, இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டது.

டொய்ட்ஸ்_பாலம் (கொலோன், ஜெர்மனி)

வணக்கம் அண்ணை. நான் கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆள். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2023 வரை உங்கள் டோட்டாவில் மேஜர் என்றால் டிஐக்குக் கீழே. எங்களுக்கு மேஜர்தான் உச்சம், அதற்கு மேலே ஒன்றும் இல்லை. 2013இல் ஸ்வீடனில் நடந்த முதல் மேஜருக்கு மொத்தப் பரிசு 2,50,000 டாலர்தான். ஆனாலும் ஃப்னாட்டிக் ஜெயித்த அந்தக் கோப்பையை இன்றைக்கும் எண்ணிக்கையில் சேர்க்கிறோம். அதைவிடப் பல மடங்கு பணம் கொடுத்த போட்டிகள் எத்தனையோ மறந்து போய்விட்டன.

ஆனால் எங்கள் ஊர் விஷயம் வேறு. இங்கே நடக்கும் கொலோன் போட்டி, அப்போது ஈஎஸ்எல் ஒன் கொலோன் என்ற பெயரில், 2014, 2015, 2016 மூன்று வருடமும் மேஜராக இருந்தது. அதற்குப் பிறகு வருடக்கணக்காக அந்தப் பட்டம் இல்லை. பட்டம் போனதும் மதிப்புப் போயிருக்க வேண்டும்தானே? போகவில்லை. கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் பேராலயம் என்றே லான்க்ஸெஸ் அரங்கத்தைச் சொல்வார்கள். உண்மையான பேராலயத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் பெரிய ரயில் நிலையம். அங்கிருந்து பாலத்தைக் கடந்து நடந்தால் அரங்கம்.

2022 ஜூலையில் போனேன். 2020இல் இணையவழி, 2021இல் பார்வையாளர் இல்லை, ஆக மூன்று வருடத்துக்குப் பிறகு சனத்தோடு நடந்த கொலோன். இறுதி ஆட்டம் ஃபேஸ், நாவி. இரண்டு மாதத்துக்கு முன் ஆண்ட்வெர்ப் மேஜரில் இதே இரண்டு டீம்தான், ஃபேஸ் ஜெயித்தது. கொலோனிலும் ஃபேஸ்தான், ஆனால் 3-2. ஐந்து மேப், அதாவது ஐந்து ஆட்டம். குரல் போய், அடுத்த நாள் வேலையில் ஒருவரோடும் கதைக்க முடியவில்லை. முதலாளியம்மா காய்ச்சலோ என்று கேட்டார், ஓம் என்று தலையாட்டினேன்.

பக்கத்தில் இருந்த டென்மார்க் பெடியனிடம் கேட்டேன், எது பெரிது, ஆண்ட்வெர்ப்பா இதுவா என்று. "புத்தகத்தில் அது, இங்கே இது" என்று நெஞ்சில் தட்டிக் காட்டினான். கொஞ்சம் நாடகம்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2026க்கு மேஜர் பட்டம் திரும்ப கொலோனுக்கே என்று அறிவித்தபோது, வீட்டுச் சாமான் வீட்டுக்கு வந்தது போல ஒரு சந்தோஷம்.

ரெண்டே_ஆட்டம் (அமெரிக்கா)

நான் பார்க்கப் போனவன் இல்லை, ஆடப் போனவன். சிரிக்காதீர்கள். சண்டை கேம்களுக்கான 2023 ஈவோ போட்டி, லாஸ் வேகாஸ், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6. பதிவு செய்தவர்கள் 7,061 பேர். அதில் நானும் ஒருவன்.

ஈவோவுக்கு அழைப்பிதழ் கிடையாது. போன வருட சாம்பியனும் பதிவுக் கட்டணம் கட்டிவிட்டு வரவேண்டும், நானும் கட்ட வேண்டும். இரண்டு செட் தோற்றால் வெளியே. நான் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். என்னைத் தோற்கடித்த பையனுக்குப் பதினைந்து வயதுகூட இருக்காது. அவன் அம்மா பின்னால் நின்று சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் மூன்று நாள் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஐக்கிய அமீரகத்தின் ஆங்ரிபேர்ட் ஜெயித்தார். அடுத்த வருடம் அதே கேமின் இன்னொரு போட்டியான கேப்காம் கப்பில் முதலிடத்துக்கே 10 லட்சம் டாலர் கொடுத்தார்கள். ஈவோ பரிசு அதன் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் சண்டை கேம் ஆடுகிற யாரிடமும் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்லிப் பாருங்கள், திணறுவார்கள். 7,060 பேரைத் தாண்டி வந்தவன் என்று சொல்லிக்கொள்வது சும்மா இல்லையே. 2019இல் பாகிஸ்தானின் அர்ஸ்லான் ஆஷ், வெளியில் யாருக்கும் பேர் தெரியாத ஆளாக வந்து, டெக்கன் என்ற சண்டை கேமில் ஈவோ ஜப்பானையும் லாஸ் வேகாஸ் ஈவோவையும் அடித்துக்கொண்டு போனார். கதவு திறந்திருந்ததால்தானே அது நடந்தது. அழைத்தவர்கள் மட்டும் ஆடும் போட்டியாக இருந்தால் லாகூரில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்றே தெரிந்திருக்காது.

திருத்துநர்_7

லிக்விபீடியாவில் (கேம் போட்டிகளுக்கான விக்கி) கொஞ்ச நாள் பக்கங்கள் திருத்தியிருக்கிறேன். அங்கே போட்டிகளைத் தரம் பிரிப்பார்கள், கவுண்டர்-ஸ்ட்ரைக்குக்கு எஸ், ஏ, பி, சி என்று எழுத்தில், டோட்டாவுக்கு எண்ணில். பரிசுத் தொகை, வருகிற டீம்கள், நேரில் நடக்கிறதா இணையத்திலா, நடத்துபவர் யார், எல்லாம் பார்ப்பார்கள். உங்கள் தம்பிக்கு ஆறுதலாக ஒன்று: ரியாத்தும் டிஐயும் ஒரே தட்டில், முதல் தரம்தான். தரம் ஒன்றுதான், அதற்குள் இருக்கிற உயரத்தை எந்த எண்ணும் சொல்லாது.

ஐந்தாம்_ஆள் (கோயம்புத்தூர்)

காலாங் அண்ணா சொன்னது எல்லாவற்றையும் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு என் அலமாரியைக் காட்டினான். "அப்போ அது என்ன தரம்?"

அது நாங்கள் கல்லூரியில் ஜெயித்த கப். மேலே "அகில இந்திய மாபெரும் இறுதி" என்று பொறித்திருக்கும். வந்தது பதினோரு டீம், அதில் ஒன்பது பீளமேட்டுக்குள்ளேயே. பரிசு 50,000 ரூபாய் என்று போஸ்டர் அடித்தார்கள். எட்டு மாதம் போன் போட்டுப் பார்த்தோம். அப்புறம் அந்த நம்பரே இல்லை. தங்க முலாம் உரிந்துபோய், இப்போது அம்மா அதில் ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறார்.

இவ்வளவு நேரம் டோட்டாவின் போட்டி கேமான லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்கள் ஒருத்தரும் வரவில்லையே?

நடுப்பாதை

வந்தாச்சு நண்பா. எங்களிடம் சண்டையே இல்லை, அதனால்தான் சத்தம் போடவில்லை. வேர்ல்ட்ஸ் (உலக சாம்பியன்ஷிப்), அதற்குக் கீழே எம்எஸ்ஐ (சீசன் நடுவில் நடக்கும் சர்வதேசப் போட்டி), அதற்குக் கீழேதான் மற்றதெல்லாம். 2024இல் டி1 ரியாத்தில் இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையையும் ஜெயித்தது, நல்ல பணம். ஆனால் டி1இன் நட்சத்திர வீரர் ஃபேக்கருக்கு எத்தனை கப் என்று கேட்டால் எல்லோரும் சொல்கிற எண் ஆறு. 2013, 2015, 2016, 2023, 2024, 2025, எல்லாம் வேர்ல்ட்ஸ். ரியாத் அந்த எண்ணில் இல்லை.