ஜிடிஏ 5 ஜம்மென்று ஓடுகிறது, 4 திக்குகிறது, உதவி வேண்டுங்க

திருப்பூர் தம்பி:
அண்ணா, எல்லாருக்கும் வணக்கம்ங்க. பனியன் கம்பெனியில் பவர் டேபிள் ஓட்டுகிறேன், ஞாயிறு ஒரு நாள்தான் விளையாட நேரம். லாப்டாப் ஐ5, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு. ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) 5 கேம் இதில் நொடிக்கு 60 ஃபிரேமுக்கு (படத்துக்கு)க் குறையாமல் ஓடும். 2013இல் வந்ததே ஓடுகிறது, 2008இல் வந்தது ஓடாதா என்று தள்ளுபடியில் 4 வாங்கினேன். பாலத்தில் ஏறினாலே ஃபிரேம் 25க்கு விழுகிறது, அடுத்த நொடி 80, மறுபடி 25. கார் வேறு திருப்பத்தில் வழுக்கிக்கொண்டே போய் கம்பத்தில் மோதுகிறது. என் சிஸ்டத்தில் கோளாறுங்களா? அழித்துவிட்டு 5க்கே போய்விடட்டுமா?

ஈரோட்டுக்காரன்:
அழிக்காதே தம்பி, உன் லாப்டாப் நல்லாத்தான் இருக்கிறது. 4 அன்றைய கன்சோலுக்காக (டிவியில் மாட்டி ஆடுகிற கேம் பெட்டி) செய்தது, அதே 2008 டிசம்பரில் பிசிக்கு மாற்றிவிட்டார்கள், 32 பிட் என்கிற பழைய வகை புரோகிராம், படம் வரைவதற்கு டைரக்ட்எக்ஸ் 9 என்கிற விண்டோஸ் வசதி. 5 பிசிக்கு வந்தது 2015 ஏப்ரலில்தான், பக்குவமாக 64 பிட்டில் செய்து கொடுத்தார்கள், அதனால்தான் இந்த வித்தியாசம். டிஎக்ஸ்விகே என்று இலவசமாகக் கிடைக்கிறது, டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை வல்கன் என்கிற புதிய முறைக்கு மாற்றிக் கொடுக்கும். அதிலிருக்கிற டி3டி9 ஃபைலை எடுத்து கேம் ஃபோல்டரில், கேமைத் திறக்கிற ஃபைலுக்குப் பக்கத்திலேயே போடு. வாகன நெரிசலையும் நிழலையும் பாதிக்குக் குறைத்துவிடு, அவை இரண்டும்தான் ரொம்ப இழுக்கும்.

பொள்ளாச்சி:
கார் விசயத்துக்கு நான் சொல்கிறேன், அது கோளாறே இல்லீங்க. 5இல் கார் ரோட்டில் ஒட்ட வைத்த மாதிரி திரும்பும், 4இல் காருக்கு எடை இருக்கிறது. திம்பத்தில் 27 கொண்டை ஊசியும் லோடு வண்டி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், டிரைவர் வளைவுக்கு முன்னாடியே பிரேக்கை மிதித்து, திரும்பி முடித்த அப்புறம்தான் ஆக்சிலேட்டருக்குப் போவார். அப்படி ஓட்டிப் பாருங்க, ஒரு வாரத்தில் 5இன் கார் பொம்மை வண்டி மாதிரி தெரியும். அடிபட்ட ஆள் விழுவதையும் கவனியுங்க. 4இல் தடுமாறுவான், கையை ஊன்றுவான், கார் கிளம்பினால் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவான். 5இல் ஊர் பெரிசு, கடல் மலை எல்லாம் உண்டு, மூன்று நாயகர்களாக மாறி மாறி ஆடலாம், அதெல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் மழையில் 4இன் ஊரான லிபர்ட்டி சிட்டித் தெருவில் நாயகன் நீக்கோ தனியாக நடக்கிறபோது வருகிற அந்தக் கனம் 5இன் ஊரான லாஸ் சாண்டோஸில் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

திருப்பூர் தம்பி:
ஈரோட்டு அண்ணா, போட்டேன், கேம் திறக்கவே இல்லை. அப்ளிகேஷன் சரியாகத் தொடங்கவில்லை என்று ஒரு பெட்டி வருகிறது.

ஈரோட்டுக்காரன்:
எக்ஸ்64 ஃபோல்டரில் இருந்து எடுத்திருப்பாய். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் கேம் 32 பிட் என்றேனே, எக்ஸ்32இல் இருப்பதைப் போடு.

திருப்பூர் தம்பி:
அதேதாங்க அண்ணா! மாற்றியதும் திறந்துவிட்டது. பாலத்திலும் இப்போது 55க்குக் கீழே இறங்கவில்லை. கேமில் வருகிற ரேடியோவில் ரஷ்யப் பாட்டுகள் குறைவாக இருக்கின்றனவே, நான் ஏதாவது கெடுத்துவிட்டேனா?

பொள்ளாச்சி:
இல்லீங்க, பாட்டுகளின் உரிமம் முடிந்து 2018 ஏப்ரலில் நிறைய எடுத்துவிட்டார்கள்.

திருப்பூர் தம்பி (மூன்று வாரம் கழித்து):
கடைசி மிஷன் வந்துவிட்டேன். நீக்கோ பைக்கில் துரத்தி ஹெலிகாப்டரைப் பிடித்துத் தொங்குகிறான், ஸ்பேஸைத் தட்டித் தட்டி விரலே வலிக்கிறது, மேலே ஏறமாட்டேன் என்கிறான். ஆறு தடவை செத்துவிட்டேன்ங்க.

ஈரோட்டுக்காரன்:
உன் கை குற்றமில்லை. ஃபிரேம் 30க்கு மேலே போனால் அந்த இடத்தில் அப்படித்தான் மாட்டும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் அதிகபட்ச ஃபிரேமை 30 என்று வைத்துவிட்டு மறுபடி ஆடு, முடிந்ததும் 60க்கு மாற்றிக்கொள்.

திருப்பூர் தம்பி:
ஏறிவிட்டான் அண்ணா!! முடிவைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் கீபோர்டைத் தொடவே இல்லை. அடுத்த ஞாயிறு முதலில் இருந்து ஆரம்பிக்கிறேன், இந்தத் தடவை கடைசியில் இன்னொரு முடிவை எடுத்துப் பார்க்க வேண்டும்.